கூடப் பேச ஒரு ஆள் வேண்டும்: தீவிர மார்பகப் புற்றுநோய், கேள்வி பதில்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2018ல், 41 வயதில், எனக்கு இடது மார்பில் கட்டி. கிரேடு 3, அதாவது வேகமாக வளர்வது, ட்ரிபிள் நெகட்டிவ் என்ற வகை, அக்குளில் இரண்டு நெறிகட்டிகள் வரை பரவியிருந்தது. நான்கு சிவப்பு ஊசி, அதாவது சிவப்பு நிறக் கீமோ மருந்து, அப்புறம் வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தடவை பேக்லிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து, பிறகு ஆபரேஷன், கடைசியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. கொரோனா காலத்தில் மற்றப் பெண்களோடு போனில் பேசத் தொடங்கினேன், 2022ல் இருந்து வாரம் ஒரு நாள் சென்னையில் ஒரு கீமோ வார்டில் தன்னார்வலராகப் போய் உட்காருகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, அதனால் எந்த மருந்து, எவ்வளவு டோஸ் என்ற கேள்விகளை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். இந்த நோயோடு இருக்கும்போது பேச ஆளை எங்கே தேடுவது, யாரை நம்புவது, எப்போது கொஞ்சம் தள்ளி இருப்பது, இதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தஞ்சாவூர், வயது 34): ட்ரிபிள் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து மார்பகப் புற்று வந்த இரண்டு பேரும் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்த மாத்திரையே கிடையாது என்கிறார்கள். அவர்களோடு பேசப் பேசக் குழப்பமும் பயமும்தான் கூடுகிறது.

அவர்கள் சாப்பிடுவது அநேகமாக டமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல். ஹார்மோனைப் பிடித்துக்கொள்கிற ஏற்பிகள் இருக்கிற கட்டிக்குத்தான் அது வேலை செய்யும், ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் வரை கொடுப்பார்கள். உங்கள் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை, புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லை, ஹெர்2 புரதமும் மிகுதியாக இல்லை. மூன்றும் இல்லை என்பதால் அந்தப் பெயர். உங்களுக்கு மாத்திரை எழுதாதது கைவிட்டதால் இல்லை தங்கச்சி, அந்த மாத்திரைக்கு உங்கள் கட்டியில் பிடிமானம் இல்லை, அவ்வளவுதான். இந்த வகைக்குக் கீமோ நன்றாகவே வேலை செய்கிறது, அதனால்தான் பலருக்கு ஆபரேஷனுக்கு முன்னாலேயே தொடங்குகிறார்கள்.

உலக அளவில் மார்பகப் புற்று வருபவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு இந்த வகை. நம் நாட்டில் அதைவிடக் கூடுதல், இளம் வயதுப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. ஆக நீங்கள் தனி ஆள் இல்லை, உங்களைப் போன்றவர்களை இன்னும் சந்திக்கவில்லை என்பதுதான் விஷயம்.

அந்த இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் பேசியிருப்பார்கள். ஆனால் அவர்கள் நடக்கிற பாதை வேறு. அவர்களுக்கு நோய் பதினைந்து வருடம் கழித்தும் திரும்பலாம் என்ற கவலை மெல்லியதாக நீண்டுகொண்டே போகும். நமக்கு முதல் மூன்று வருடங்களில்தான் அபாயம் அதிகம், ஐந்து வருடம் தாண்டினால் அது நன்றாகக் குறைந்துவிடுகிறது. நம் பயம் குறுகிய காலத்துக்குள் அடர்த்தியாக இருக்கிறது. "எனக்கு ஒண்ணும் ஆகலையே, உனக்கும் ஆகாது" என்று அவர்கள் சொல்வது உங்கள் மனதில் ஒட்டாததற்குக் காரணம் இதுதான்.

நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்று: அதே வகை உள்ள, உங்களுக்கு ஒரு படி முன்னால் நடக்கிற ஒரு பெண்ணைத் தேடுங்கள். பத்து வருடம் முன்னால் முடித்தவர் வேண்டாம், அவருக்கு வாய்ப்புண் எத்தனையாவது நாள் வந்தது என்பதே மறந்திருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் முன்னால் அதே மருந்தை ஏற்றிக்கொண்டவர். அப்படி ஒருத்தர் போதும்.

எனக்கு அப்படிக் கிடைத்தவர் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பூக்கட்டும் அக்கா. பக்கத்து நாற்காலி. எனக்கு ஒரு மாதம் முன்னதாக பேக்லிடாக்செல் தொடங்கியவர். மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதும் மடியில் வாழைநாரும் ஒரு கைப்பிடி முல்லையும் வைத்துக் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் என் கையில் நாரைக் கொடுத்து, "இது வெரல்ல இருக்கறது உனக்குத் தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. "எனக்கு எட்டாவது வாரத்துல இருந்து தெரியல. நான் சொல்லாம விட்டுட்டேன், நீ மரத்துப்போக ஆரம்பிச்ச அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றார். ஆறாவது வாரம் என் விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருந்ததும் சொன்னேன், டோஸைக் குறைத்தார்கள். இன்றைக்கு நான் சட்டைப் பொத்தான் போடுகிறேன், கோலம் போடுகிறேன். விரல் மரத்துப்போகும் என்று கைப்பிரதியிலும் அச்சடித்திருந்தார்கள், ஆனால் நான் டாக்டரிடம் வாயைத் திறந்தது அந்த நார் கைக்கு வந்ததால்தான்.

கேள்வி (பெரம்பலூர்): சரி, அப்படி ஒருத்தரை எங்கே போய்க் கண்டுபிடிப்பது? எங்கள் ஊரில் இந்த நோய் என்று யாரும் வெளியே சொல்வதே இல்லை.

ஊரில் தேடாதீர்கள், சிகிச்சை எடுக்கிற இடத்தில் தேடுங்கள். கீமோ டே கேரில் ஒரே கிழமையில் வருகிறவர்கள் பெரும்பாலும் அதே முகங்கள்தான். வாராவாரம் வருகிறார் என்றால் அநேகமாக பேக்லிடாக்செல், சிவப்பு மருந்து ஏறுகிறது என்றால் முதல் கட்டம். நாலு வாரம் கவனித்தாலே யார் உங்களுக்கு முன்னால் போகிறார் என்று தெரிந்துவிடும்.

வெட்கமாக இருந்தால் டே கேர் நர்ஸிடமோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ இப்படிக் கேளுங்கள்: "எனக்கு இருக்கற அதே வகை, கீமோ முடிச்சவங்க யாராவது இருந்தா, அவங்ககிட்ட கேட்டுட்டு என் நம்பரை அவங்களுக்குக் குடுங்க." கவனியுங்கள், அவர்கள் நம்பரை நீங்கள் கேட்கக் கூடாது, உங்கள் நம்பரை அவர்களுக்குத் தரச் சொல்ல வேண்டும். இன்னொரு நோயாளியின் விவரத்தைத் தர நர்ஸுக்கு உரிமை இல்லை, கேட்டால் சங்கடப்பட்டு "யாரும் இல்லம்மா" என்று முடித்துவிடுவார். இப்படிக் கேட்டால் பத்தில் எட்டு தடவை ஒருத்தர் கூப்பிடுகிறார், நானே பார்த்திருக்கிறேன்.

பெரிய மையங்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், அதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கியது, உளவியல் பிரிவு இருக்கிறது. அவருடைய தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர், அந்த வலியிலிருந்துதான் அந்த இடமே வந்தது. மும்பையில் வி கேர் என்ற அமைப்பு 1994ல் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு பெண்மணி தொடங்கியது, மீண்டவர்களே வார்டுகளுக்குப் போய்ப் பேசுகிறார்கள். இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கேன்சர் சகயோக் டெல்லியில் அதே வேலையைச் செய்கிறது. நம் ஊருக்குத் தமிழில் பேசுகிற ஆள்தான் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது, அதனால் முதலில் உங்கள் மருத்துவமனையிலேயே கேளுங்கள். அப்புறம், மருத்துவமனைக்கு எதிரே அறை எடுத்துத் தங்குகிற வெளியூர்க்காரர்கள் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து பேசுவார்களே, நான் பார்த்ததிலேயே நல்ல துணைக்குழு அதுதான்.

கேள்வி (சேலம்): அப்படி நாலு பேர் சேர்ந்தால் என்னதான் பேசுவார்கள்? அழுதுகொண்டே இருப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

போன வாரம் எங்கள் வார்டில் பேசியதைச் சொல்கிறேன். வாயில் இரும்புச் சுவை அடிக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனை விட்டு பிளாஸ்டிக் ஸ்பூனில் சாப்பிடுங்கள். சிவப்பு ஊசி ஏறும்போது டாக்டர் சம்மதித்தால் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், வாய்ப்புண் குறையலாம். மார்பை எடுத்த பக்கம் ரவிக்கைக்குள் வைக்கக் கடையில் வாங்கும் சிலிக்கான் கனமாகவும் விலை அதிகமாகவும் இருக்கிறது, ஒரு அம்மா மெல்லிய பருத்தித் துணியில் பஞ்சும் எடைக்குக் கொஞ்சம் கடுகும் வைத்துத் தைத்துக் கொண்டுவந்து காட்டினார், எல்லாரும் கையில் வாங்கி எடை பார்த்தோம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. ரயிலில் சிகிச்சைக்குப் போகும்போது டாக்டர் கையெழுத்திட்ட சலுகைப் படிவம் காட்டினால் ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருகிறவருக்கும் சலுகை உண்டு. இது தெரியாமல் ஒரு அண்ணன் எட்டு மாதம் முழுக் கட்டணம் கொடுத்து மனைவியைக் கூட்டிவந்திருந்தார்.

அழுகையும் வரும். வரட்டும். பத்து நிமிடம் அழுதுவிட்டு மறுபடி கடுகுக்கு வந்துவிடுவோம்.

கேள்வி (சென்னை): துணைக்குழுவில் சேர்ந்தால் ஆயுள் கூடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1989ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், நோய் பரவிவிட்ட 86 பெண்களை வைத்து நடத்திய ஆய்வை வெளியிட்டார். வாரம் ஒருமுறை குழுவில் பேசியவர்கள் சராசரியாகச் சுமார் 37 மாதம், மற்றவர்கள் 19 மாதம் இருந்தார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் 2001ல் கனடாவில் 235 பெண்களை வைத்துப் பெரிதாகச் செய்து பார்த்தபோது ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஸ்பீகலே 2007ல் மறுபடி செய்தபோதும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை.

கனடா ஆய்வில் வேறொன்று தெரிந்தது. குழுவில் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, வலியைத் தாங்க முடிந்தது, அதுவும் ஆரம்பத்தில் ரொம்பக் கலங்கிப்போயிருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். எனக்கு அது போதும். ஆயுள் கூடும் என்று சொல்லி ஆள் சேர்ப்பது தப்பு என்று நினைக்கிறேன், ஏனென்றால் நோய் திரும்பினால் "நான் கூட்டத்துக்கு ஒழுங்கா வரல, அதான்" என்று அந்தப் பெண் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள். அப்படி ஒருத்தி என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ஹெல்கசன் என்ற ஆய்வாளர் முந்நூறுக்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுப் பெண்களைப் பார்த்து 2000ல் எழுதினார்: வீட்டில், குறிப்பாகக் கணவரிடம், போதிய ஆதரவு இல்லாதவர்களுக்குப் பேச்சுக் குழு உதவியது. வீட்டிலேயே நல்ல ஆதரவு இருந்தவர்களுக்கு அதே குழு உதவவில்லை, சிலருக்குக் கெடுதலாகக்கூடப் போனது. அதனால் போய்ப் பார்த்துவிட்டு மனசு கனத்தால் விட்டுவிடுங்கள். அதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

கேள்வி (கோயம்புத்தூர், கணவர்): மனைவிக்கு முதல் கீமோ முடிந்தது. யாரோடும் பேச மாட்டேன் என்கிறாள். நான் ஒரு தன்னார்வலரை வீட்டுக்கு வரவழைத்தேன், அவர் போனதும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. என்ன தப்பு செய்தேன்?

கேட்காமல் வரவழைத்ததுதான் தம்பி. இந்த நோய் வந்ததும் எந்த ஊசி, எந்த நாள், எந்தச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். யாரோடு பேசுவது என்பது ஒன்றுதான் அவர் கையில் மிச்சம், அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டதாக அவருக்குத் தோன்றியிருக்கும். மன்னிப்புக் கேளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். அந்தத் தன்னார்வலரின் நம்பரை ஒரு சீட்டில் எழுதி ரிப்போர்ட் ஃபைலுக்குள் வைத்துவிட்டு, "இங்க இருக்கு, தோணினா கூப்பிடு" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். முதல் ஊசியிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொத்தாக வரும். பல பெண்கள் முதல் முறையாகப் போனை எடுப்பது அன்றைக்குத்தான். எனக்கு வந்த அழைப்புகளில் பாதி அந்த வாரத்து அழைப்புகள்.

சரி, நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள்? கேள்வியில் உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வார்டு வாசலில் டீ கிளாஸோடு நிற்கிற மற்றக் கணவர்களில் ஒருவரிடம் "எத்தனாவது ஊசி?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (வேலூர்): எனக்கு ஹெர்2 பாசிட்டிவ். நீங்கள் சொல்வது எனக்கும் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் ஹெர்2 உள்ளவரையே தேடுங்கள். உங்களுக்கு ஹெர்2 புரதத்தைக் குறிவைக்கிற டிராஸ்டுஸுமாப் ஊசி வழக்கமாக ஒரு வருடம் போகும், நடுநடுவே இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள். ட்ரிபிள் நெகட்டிவ் ஆளுக்கு இது எதுவும் தெரியாது. 1998ல் அந்த மருந்து வருவதற்கு முன் மிக மோசமான வகையாகப் பார்க்கப்பட்டது உங்களுடையது, அதனால் இணையத்தில் இருக்கிற பழைய கட்டுரைகளைப் படித்துப் பயப்படாதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர் முள் சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கீமோவே தேவையில்லை என்கிறார். அவரிடமே பொடியும் கிடைக்கிறதாம். குழுவை விட்டு விலகட்டுமா?

அந்தக் குழுவில் அட்மின் யார் என்று பாருங்கள். அட்மின் கண்டித்து நீக்கினால் இருங்கள், அவரும் சேர்ந்து விற்றால் அன்றைக்கே வெளியே வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கிற செல்லை அந்த இலைச்சாறு கொன்றது என்பதற்கும், உங்கள் உடம்பில் இருக்கிற கட்டியைக் கரைக்கும் என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தை யாரும் கடந்து காட்டவில்லை. நம் வகைக் கட்டி வேகமாக வளர்வது. மூன்று மாதம் கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டு, கட்டி தோலை உடைத்துக்கொண்டு வந்த பிறகு வார்டுக்கு வந்த இரண்டு பேரை நான் பார்த்தேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். கீமோவோடு சேர்த்து எது குடிப்பதானாலும், வீட்டுக் கஷாயமே ஆனாலும், டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

கேள்வி (திருச்சி): குழுவில் என்னோடு நெருக்கமாக இருந்த பெண் போன வாரம் இறந்துவிட்டாள். எனக்கும் அதே வகை, அதே ஸ்டேஜ். தூக்கம் வரவில்லை. இதற்குத்தான் சேர்ந்தேனா என்று இருக்கிறது.

பூக்கட்டும் அக்கா 2020 ஜனவரியில் போய்விட்டார். பொங்கல் முடிந்து நான் கூப்பிட்டேன், மகன் எடுத்தான். அந்த அழைப்புக்கு அப்புறம் நாலு மாதம் நான் யாருடைய போனையும் எடுக்கவில்லை. அதனால் உங்களுக்குத் தைரியம் சொல்லும் வேலையை நான் செய்யப்போவதில்லை.

தீவிரமான வகையில் இது நடக்கும். நடக்காது என்று சொல்லி உங்களைக் குழுவில் சேர்த்திருந்தால் அது பொய். ஆனால் அதே வகை, அதே ஸ்டேஜ் என்றாலும் ஒரே நோய் என்று ஆகிவிடாது. கீமோவுக்குக் கட்டி எவ்வளவு கரைந்தது, ஆபரேஷனில் உயிருள்ள செல் மிச்சம் இருந்ததா, நெறிகட்டி எத்தனை, இதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் "என் ரிப்போர்ட்டில் என்ன இருக்கு" என்று மட்டும் கேளுங்கள், அவளுடையதை ஒப்பிட்டுக் கேட்காதீர்கள்.

இப்போதைக்குக் குழுவை இரண்டு வாரம் மியூட் செய்யுங்கள், வெளியேற வேண்டாம். வெளியேறினால் திரும்பி வர மனம் வராது. குழுவில் ஒரே ஒருவருக்கு மட்டும், "நான் கொஞ்ச நாள் சத்தமில்லாம இருப்பேன், நீங்க மட்டும் கூப்பிடுங்க" என்று சொல்லிவையுங்கள். இறப்புச் செய்திகளை ராத்திரி பத்து மணிக்கு மேல் போடக் கூடாது என்று எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம், உங்கள் அட்மினிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வராவிட்டால் புற்றுநோய் டாக்டரிடமே சொல்லுங்கள், இதுவும் அவர்கள் பார்க்கிற விஷயம்தான். அவள் போய்விட்டாள், நான் இருக்கிறேனே என்று ஒரு குற்ற உணர்வு உள்ளே உறுத்தும், உங்கள் கேள்வியில் அது எழுதாமல் இருக்கிறது. எனக்கு அது இன்னும் முழுதாகப் போகவில்லை. அக்காவுக்கு மரத்துப்போன விரல்கள், எனக்கு மரத்துப்போகாத விரல்கள்.

அக்கா வேண்டாம், அவரைத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று இதுவரை ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

கேள்வி (ஈரோடு): எனக்கு நாலாம் ஸ்டேஜ், நுரையீரலில் இருக்கிறது. குழுவில் எல்லாரும் சிகிச்சை முடிந்து மணி அடிக்கிற வீடியோ போடுகிறார்கள். எனக்கு அந்த மணி கிடையாது. பொறாமைப்படுகிறேன் என்று வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் அந்த இடத்தில் இல்லாதவள், அதனால் உங்களுக்குச் சரியான துணை நானும் இல்லை. சிகிச்சையை முடிக்கிறவர்களும் சிகிச்சையோடே வாழ்கிறவர்களும் ஒரே குழுவில் இருந்தால் இரு பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டு பேச வேண்டியிருக்கும். பரவிய நிலையில் இருப்பவர்களுக்கென்று தனியாக, மூன்று பேர் என்றாலும், ஒரு குழு இருப்பது நல்லது. மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் கேளுங்கள். அங்கே போனால் கடைசி என்று அர்த்தமில்லை, கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே போகலாம், உங்களைப் போல நாலாம் ஸ்டேஜோடு வருடக்கணக்கில் வேலைக்குப் போய்வருகிற பெண்களை அங்கேதான் நான் சந்தித்தேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற இம்யூனோதெரபி, மருந்தைக் கட்டிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற புது ஊசிகள் எல்லாம் 2019லிருந்துதான் ட்ரிபிள் நெகட்டிவ் வகைக்கு வந்தன, அவை தனக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி.

வார்டில் மணி அடிக்கும் இடத்துக்குப் பக்கத்து நாற்காலி கொடுத்தால், வேறு இடம் கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி (நாமக்கல்): மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். எனக்கு நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும், யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறார்கள் வீட்டில். பெண்களுக்கும் "சின்னக் கட்டி" என்று மட்டும் தெரியும். யாருக்கும் தெரியாமல் பேச வழி இருக்கிறதா?

இருக்கிறது. தனியாக ஒரு சிம், அதில் வாட்ஸாப், பெயருக்கு ஓர் எழுத்து, படம் வேண்டாம். பெரிய குழுவில் சேராதீர்கள், அங்கே உங்கள் நம்பர் எல்லாருக்கும் தெரியும், ஊர்க்காரர் ஒருவர் இருந்தாலே போதும். ஒருவரோடு ஒருவர் பேசுகிற துணை மட்டும் கேளுங்கள், வேறு மாவட்டத்துக்காரராக. என்னோடு மூன்று வருடமாகப் பேசுகிற ஒரு அம்மாவின் உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மத்தியானம் வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு மாடியில் வடாம் காயப்போடும்போது கூப்பிடுவார்.

ஆனால் அக்கா, ஊருக்கு மறைப்பதும் பெற்ற பெண்களுக்கு மறைப்பதும் ஒன்றில்லை. ட்ரிபிள் நெகட்டிவ் என்றால், பரம்பரையாக வருகிற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிற பிராக்கா பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். அந்தக் கோளாறு உங்களுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகன்களுக்கும் சேர்த்துத்தான். தெரிந்தால் முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துத் தங்களைக் காத்துக்கொள்ள முடியும். சம்பந்தி வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்து முடிவு, நான் அதில் வரவில்லை. உங்கள் பெண்களுக்கு மட்டும் சொல்லுங்கள். "சின்னக் கட்டி"க்கு அம்மாவுக்கு ஏன் முடி கொட்டுகிறது என்று அவர்கள் இந்நேரம் போனில் தேடிப் படித்திருப்பார்கள்.

கேள்வி (கிள்ளான், மலேசியா): அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இங்கே உதவி உண்டா?

உண்டு. மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் அங்கே 1986லிருந்து இருக்கிறது, நோயிலிருந்து மீண்டவர்களே தன்னார்வலர்கள். தமிழ் பேசும் ஒருவர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டாம், மகள் முன்னால் அம்மா உண்மையைச் சொல்ல மாட்டார்.

கேள்வி (மதுரை): சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிறது. நானும் மற்றவர்களுக்குத் துணையாக இருக்க ஆசை. எப்படித் தொடங்குவது?

மீண்டவரே மற்றவருக்குத் துணையாகப் போகிற இந்த வழக்கமே அப்படி ஒருத்தரிடமிருந்து வந்ததுதான். நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு 1952ல் மார்பை எடுத்தார்கள். அதற்கப்புறம் எப்படிக் கையைத் தூக்குவது, எப்படி உடுத்துவது என்று சொல்ல ஆளே இல்லை. அவரே ஆபரேஷன் முடிந்த பெண்களைத் தேடி வார்டுக்குப் போகத் தொடங்கினார், டாக்டர்கள் சிலருக்கு அது பிடிக்கவே இல்லை. 1969ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது, இன்று பல நாடுகளில் நடக்கிறது.

உங்களுக்கு நாலு மாதம் சீக்கிரம் என்று நினைக்கிறேன். ஒரு வருடமாவது போகட்டும். மற்றவர் கதையைக் கேட்கும்போது உங்கள் உடம்பில் அந்த மருந்து வாசனை திரும்ப எழாமல் இருக்க வேண்டும். போகும்போது மருந்தைப் பற்றி அறிவுரை வேண்டாம், "பாசிட்டிவா இரு" வேண்டாம், உங்கள் கதையை முதலில் சொல்ல வேண்டாம். "எத்தனாவது ஊசி, சாப்பிட முடியுதா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள்.

கேள்வி (ஊர் சொல்லவில்லை): ராத்திரி இரண்டு மணிக்குத்தான் பயம் வருகிறது. அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது?

14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022லிருந்து இருக்கிறது, இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் கூப்பிடுங்கள், பக்கத்தில் படுத்திருப்பவரையும் எழுப்புங்கள். தயவுசெய்து விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (சென்னை, வயது 52): வரும் வியாழன் முதல் சிவப்பு ஊசி. மகன் வெளிநாட்டில், கணவர் இல்லை. தனியாகத்தான் போகிறேன். என்ன எடுத்துப்போக வேண்டும்?

முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த உடுப்பு, ஏசி குளிருக்கு ஒரு சால்வை, தண்ணீர், இட்லியோ தயிர்சாதமோ கொஞ்சம், ஃப்ளாஸ்கில் ஐஸ் துண்டு, ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில். அன்றைக்கும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். போகும் வழியில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். ரத்த எண்ணிக்கை இறங்கியிருக்கிற இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது, எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்கு, இதில் மட்டும் பொறுமை வேண்டாம்.

திரும்பி வரும்போது தனியாக ஆட்டோவில் வராதீர்கள். எந்த மருத்துவமனை, எத்தனை மணி என்று எனக்குத் தனியாக எழுதுங்கள் அக்கா. வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை, வாசலில் ஊதா நிறத் துண்டு போட்டுக்கொண்டு நிற்பேன்.